மாநாட்டுக்குப் போக வேண்டியவர் யார்?

பிறவிக் குறைபாடுகளை ஆராயும் மாநாடுகளுக்கு இளம் ஆய்வாளர்களைச் செலவு கொடுத்து அனுப்புவது வீண் என்ற எண்ணம் தமிழ்நாட்டு ஆய்வு வட்டாரங்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. யாரும் அதை எழுத்தில் வைப்பதில்லை. ஆனால் பல்கலைக்கழகத் துறை அலுவலகத்திலும் மருத்துவக் கல்லூரி வராந்தாவிலும் அது பல குரல்களில் காதில் விழும். மாநாடு என்றால் ஊர் சுற்றத்தானே என்பது ஒன்று. முதலில் பிஎச்.டி.யை முடிக்கட்டும், முறை வரும்போது போய்க்கொள்ளலாம் என்பது இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு, ஜூமில் கேட்டால் ஆகாதா என்பதும் சேர்ந்துகொண்டது. அந்தக் காசுக்கு உதடு பிளந்த குழந்தைகள் சிலருக்கு ஆபரேஷன் பண்ணிவிடலாமே என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. அனுப்பினால் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்பது கடைசியாக வரும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: அறிவு வேறெங்கோ சமைத்து முடிக்கப்பட்டுவிட்டது, மாநாட்டில் அதைப் பரிமாறுகிறார்கள், அங்கே போவது நெடுநாள் உழைத்தவருக்குக் கிடைக்கும் சன்மானம். வேறு துறைகளில் இது ஓரளவு செல்லுபடியாகலாம். பிறவிக் குறைபாட்டு ஆய்வில் ஆகாது. அங்கே கண்டுபிடிப்பின் ஒரு பாதி மாநாட்டில்தான் நடக்கிறது. அந்தப் பாதி நடக்க வேண்டுமானால், குறைபாட்டை முதலில் கண்ணால் பார்த்தவர் அங்கே இருந்தாக வேண்டும். முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் இளையவர்.

இதற்குக் காரணம் துறையின் இயல்பிலேயே இருக்கிறது. உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 6 சதவீதம் ஏதேனும் ஒரு பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய எண்ணிக்கை. ஆனால் வகைவகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் அபூர்வம். பத்தாயிரம் பிறப்பில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்று இறங்கிவிடும். ஒரு ஊரில் ஒரு மருத்துவர் ஒரு குறிப்பிட்ட கோலத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்ப்பார். ஒன்றைப் பார்த்தால் தற்செயல் என்று விட்டுவிடுவார். வேறொரு ஊரில் இன்னொருவரும் அதையே பார்த்திருக்கிறார் என்று தெரியும்போதுதான் அது கேள்வியாகிறது. இரண்டு பேரும் சந்திக்காதவரை கேள்வியே பிறப்பதில்லை.

ரூபெல்லாவின் கதை இப்படித்தான் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கண் மருத்துவராக இருந்த நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வரும் கைக்குழந்தைகள் திடீரென்று கூடியிருப்பதைக் கவனித்தார். கருவுற்ற தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்ததாகத் தாய்மார்கள் சொன்னார்கள். தம் நோயாளிகளோடு அவர் நிற்கவில்லை. மற்ற கண் மருத்துவர்களிடமும் விசாரித்து, 78 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து, 1941 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த கண் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் படித்தார். தாய்க்கு வரும் ஒரு சாதாரண அம்மை கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கும் என்ற செய்தி அப்படித்தான் வெளியே வந்தது. 2015-இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில் நடந்ததும் இதற்கு வெகு தூரமில்லை. சிறுத்த தலையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்துக் குழம்பிய நரம்பியல் மருத்துவர் வனெஸ்ஸா வான்டெர் லின்டன், வேறு மருத்துவமனையில் அதே வேலை பார்த்த தம் தாயோடு பேசினார். தாயும் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருந்தார். ஜிகா வைரஸை நோக்கிப் போன தடத்தின் தொடக்கங்களில் அந்தப் பேச்சும் ஒன்று. எல்லா மருத்துவருக்கும் இப்படி ஒரு தாய் வாய்ப்பதில்லை என்பதால்தான் மாநாடு தேவைப்படுகிறது.

மாநாடு கூடினால் மட்டும் போதாது, அங்கே கொண்டுவரப்படுவதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதற்குச் சான்று தாலிடோமைடு என்ற மருந்தின் கதை. 1960-இல் மேற்கு ஜெர்மனியின் காசெல் நகரில் குழந்தை மருத்துவர்கள் கூடினார்கள். மருத்துவர்கள் கோசெனோவும் பைஃபரும் கைகால் எலும்புகள் வளராத இரண்டு குழந்தைகளைப் பற்றிய விவரங்களை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். கடந்து போனவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இத்தனைக்கும் அதே போன்ற குழந்தைகள் ஜெர்மனி முழுவதும் பிறந்துகொண்டிருந்த நேரம் அது. 1961 நவம்பர் 18 அன்று டுசெல்டார்ஃபில் நடந்த கூட்டத்தில்தான் ஹாம்பர்க் மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் ஒரு மருந்தின் மேல் சந்தேகம் என்று எழுந்து சொன்னார். மேடையில் அதன் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒரு மருத்துவர் அவரைத் தனியே அணுகி, அந்த மருந்து கான்டெர்கனா என்று கேட்டார்; தாலிடோமைடு ஜெர்மனியில் விற்ற பெயர் அது. அவர் வீட்டிலேயே அப்படி ஒரு குழந்தை, மனைவி சாப்பிட்டது அந்த மாத்திரை. அந்த மாத இறுதிக்குள் மருந்து ஜெர்மன் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. காசெல் காட்சிக்கும் இதற்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் பிறந்த குழந்தைகளை எண்ணிப் பார்த்தால், ஒருவர் கொண்டுவந்ததின் முன் நின்று பார்ப்பதைச் சம்பிரதாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மதுரையில் அந்த முதல் பார்வை யாருடையது? நகரைச் சுற்றியுள்ள உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து சிக்கலான பிரசவமெல்லாம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கே ஒரு பிரசவ வார்டில், நள்ளிரவு கடந்து பிறந்த குழந்தைக்கு ஒரு கையில் கட்டைவிரல் இல்லை, காது மடல் சுருங்கியிருக்கிறது, மூச்சு இழுக்கிறது. குழந்தையைக் கையில் வாங்குபவர் இரண்டாம் ஆண்டு பி.ஜி. மாணவி. கேஸ் ஷீட்டில் 'மல்டிபிள் கன்ஜெனிட்டல் அனாமலீஸ்' என்று எழுதுகிறார். காலை ரவுண்ட்ஸுக்குப் பேராசிரியர் வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டால், பிரேதப் பரிசோதனை என்ற பேச்சுக்கே வீட்டார் இடம் கொடுப்பதில்லை. பாட்டி ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொள்கிறார். விடிவதற்குள் ஊருக்குப் போய்ப் புதைத்துவிட வேண்டும். அந்தக் குழந்தைக்கு இந்த உலகில் மிச்சமிருப்பது கேஸ் ஷீட்டில் மூன்று சொற்களும், பார்த்தவர் மனத்தில் பதிந்த உருவமும்தான். பேராசிரியர் மாநாட்டுக்குப் போனால் மூன்று சொற்களைக் கொண்டுபோவார். உருவத்தைக் கொண்டுபோகக்கூடியவர் அந்த மாணவி ஒருவர்தான்.

ஆய்வகத்திலும் இதே நிலைதான். ரத்த மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது, குடும்ப மரம் வரைவதற்காகக் கிராமத்துக்குப் பஸ் ஏறிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து யார் யாருக்கு மாமன், யார் அத்தை மகளைக் கட்டியவர் என்று கேட்டு எழுதுவது, எந்தக் குழந்தை சிறு வயதில் தவறியது என்று தயங்கித் தயங்கி விசாரிப்பது, இவையெல்லாம் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கும் ஆய்வு மாணவரின் வேலை. மாநாட்டில் வேறு நாட்டுக்காரர் ஒருவர் போஸ்டர் முன் நின்று, பாதிக்கப்பட்ட குழந்தையின் பல் எப்படி இருந்தது, சித்தப்பா பிள்ளைகளுக்குக் காது கேட்குமா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவரும் அவரே. கைடு போனால், ஊருக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்பார். பெரும்பாலும் அந்தப் பதில் போய்ச் சேராது.

முறை வரட்டும் என்ற வாதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது பெயர். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலாக ஒரு குரோமோசோம் என்று 1958-இல் பாரிஸில் கண்டறியப்பட்டது. அதற்கான செல் வளர்ப்பு ஆய்வகத்தைக் கிட்டத்தட்டத் தனி ஆளாக உருவாக்கியவர் மார்த் கோத்தியே என்ற இளம் மருத்துவர். அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். மாதிரித் தகடுகளைப் படம் எடுப்பதற்காகச் சக ஆய்வாளர் ஜெரோம் லெஜூனிடம் கொடுத்ததாகவும், லெஜூன் அந்தச் செய்தியை மான்ட்ரியாலில் மேடையேற்றியதாகவும் கோத்தியே பின்னாளில் எழுதினார். 1959-இல் வந்த கட்டுரையில் லெஜூன் பெயர் முதலில். கோத்தியேயின் பெயர் எழுத்துப் பிழையோடு இரண்டாவதாக. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஓயவில்லை. 2014-இல் போர்டோ நகரில் நடந்த பிரெஞ்சு மரபியல் மாநாட்டில் கோத்தியே பேசவிருந்தார். லெஜூன் பெயரிலுள்ள அறக்கட்டளையின் ஏற்பாட்டில் உரையைப் பதிவுசெய்ய நீதிமன்ற அலுவலர்கள் வந்து நின்றதும் உரை ரத்தானது. அப்போது அவருக்கு வயது 88. முறை வரும் வரை காத்திரு என்று சொல்பவர்கள் எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊர் சுற்றும் ஏற்பாடு என்ற குற்றச்சாட்டை அப்படியே தள்ளிவிட முடியாது. மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நடக்கும் 'தேசியக் கருத்தரங்கு'களைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். குத்துவிளக்கு ஏற்றப் பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, வாழ்த்துரை முடியும்போது டீ நேரம். பிற்பகலில் ஆறு அறைகளில் ஒரே சமயத்தில் கட்டுரை வாசிப்பு. ஒருவருக்கு ஐந்து நிமிடம். கேட்பவர்கள் அடுத்து வாசிக்கப் போகிறவர்கள் மட்டும். மூன்றரைக்குச் சான்றிதழ் மேசையில் கூட்டம் முட்டும். 2010-இல் யு.ஜி.சி. ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் புள்ளி என்று விதி செய்த பிறகு இந்த வகை பெருகியது. மருத்துவ மேற்படிப்பிலும், மாணவர் மாநாட்டில் போஸ்டர் வைக்க வேண்டும், கட்டுரை படிக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. விதி செய்தவர்கள் அதற்குக் காசு ஒதுக்கவில்லை. மாணவர் கைக்காசு போட்டு, பக்கத்தில் எங்கே மலிவாக நடக்கிறதோ அங்கே போய்ச் சான்றிதழ் வாங்கி வருகிறார். இதைப் பார்த்துவிட்டு மாநாடே வெறும் சடங்கு என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஆனால் இந்தச் சீக்கு வந்தது இளையவருக்குப் பயண உதவி கொடுத்ததால் அல்ல. வருகைக்குப் புள்ளி கொடுத்து, பேச்சுக்கும் கேள்விக்கும் மதிப்புக் கொடுக்காமல் விட்டதால் வந்தது. ஒழுங்காக நடக்கும் பிறவிக் குறைபாட்டு மாநாட்டின் அமைப்பே வேறு. 1960-இல் அமெரிக்காவில் தொடங்கிய டெரட்டாலஜி சொசைட்டி, இன்று பிறவிக் குறைபாட்டு ஆய்வு, தடுப்புச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் ஆண்டுக் கூட்டத்தில் மாணவருக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் பயண உதவி உண்டு. கனடா மரபியலாளர் கிளார்க் ஃபிரேசர் பெயரில் புதிய ஆய்வாளருக்கென்று தனி விருதும் உண்டு. பெயர் தெரியாத குறைபாட்டோடு வந்த குழந்தையின் படத்தைக் காட்டி, யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்று அரங்கத்தையே கேட்கும் அமர்வு மருத்துவ மரபியல் கூட்டங்களில் வழக்கம். அங்கே மூத்தவரும் தெரியாது என்று சொல்லலாம்; யாரும் பொன்னாடையைத் திருப்பிக் கேட்பதில்லை. சடங்கைக் கண்டு சலித்தவர்கள் எதிர்க்க வேண்டியது சடங்கை. அதற்கு மாற்றாக இருக்கும் ஒரே இடத்தின் கதவை இளையவருக்குச் சாத்துவது எந்த ஊர் நியாயம் என்பது புரியவில்லை.

மதுரையிலிருந்து போய்ச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், தென்னிந்தியக் குழந்தைகளுக்குக் கண்புரை ஏன் வருகிறது என்று செய்த ஆய்வு 1996-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியானது. அங்கே பரிசோதித்தவர்களில் காயத்தால் அல்லாமல் கண்புரை வந்த 366 குழந்தைகளில் 15 சதவீதத்தினருக்குக் காரணம் பிறவி ரூபெல்லா; ஒரு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் நான்கில் ஒரு பங்கு. கிரெக் மெல்போர்னில் பேசி 55 ஆண்டுகள் ஆன பிறகும், தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், மதுரைப் பக்கத்துக் குழந்தைகள் அதே காரணத்தால் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள் என்பதை அந்த எண்கள் காட்டின. அதே மருத்துவமனையின் பி. விஜயலட்சுமியும் சகாக்களும், குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கும் தங்கள் ஊழியர்களிலேயே எத்தனை பேருக்கு ரூபெல்லா எதிர்ப்பு இல்லை என்று சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநில, ஒன்றியப் பகுதிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, வேண்டும் என்ற பக்கத்துக்குக் கைகொடுத்த சான்றுகளில் இப்படிப்பட்ட உள்ளூர் எண்களும் அடங்கும். வாட்ஸ்அப் வதந்திகள் அப்போது எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தன என்பது வேறு விஷயம்.

இன்னொன்று உறவுக்குள் திருமணம். தமிழ்நாட்டில் நான்கு கல்யாணத்தில் ஒன்றுக்கு மேல் இன்றும் சொந்தத்துக்குள் நடக்கிறது. 1970-களில் வேலூர் சி.எம்.சி.யின் சுந்தர் ராவும் இன்பராஜும் தமிழ்நாட்டுக் குடும்பங்களைப் பெரிய அளவில் ஆராய்ந்து, எதிர்பார்த்த அளவுக்குப் பாதிப்பு தென்படவில்லை என்று எழுதியது உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. மறுபுறம், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால் மட்டும் தோன்றும் நோய்களைக் கண்டுபிடிக்க இத்தகைய குடும்பங்களே வழிகாட்டின. பிறக்கும்போதே கருவிழி தடித்து வெண்மை படர்ந்திருக்கும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் எஸ்.எல்.சி.4.ஏ.11 என்ற மரபணு என்று 2006-இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, மியான்மர் ஆய்வாளர்களோடு மதுரை அரவிந்தின் பி. சுந்தரேசனும் அவருடைய குழுவினரும் அதன் ஆசிரியர்கள். மதுரையில் சேர்ந்த குடும்பங்களுக்கும் அந்த ஆய்வில் பங்கு உண்டு.

இங்கேதான் பயண உதவி நேரடியாகக் குறுக்கிடுகிறது. ரத்த மாதிரிக்குப் பாஸ்போர்ட் எளிது. ஐஸ் பெட்டியில் வைத்து அனுமதிக் கடிதத்தோடு கூரியரில் போய்விடும். மாதிரியைச் சேர்த்தவர் போவதுதான் கடினம். மாதிரி மட்டும் போய் ஆள் இங்கேயே நின்றுவிட்டால், கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றி தெரிவிப்போடு கணக்கு முடியும். ஆளும் போஸ்டரோடு போய் நின்றால், அடுத்த ஆய்வின் கேள்வியை அமைப்பதில் அவருக்கும் ஒரு வாக்கு இருக்கும். சுந்தரேசன் குழு போன்றவை விதிவிலக்காக இருக்கும் வரை, பயண உதவியைத் தயவு என்று பேசுவது, மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஊராகவே மதுரை இருக்கட்டும் என்று சொல்வதற்குச் சமம்.

ஜூம் வாதத்துக்கு வருவோம். உரை கேட்கத் திரை போதும், அதில் சண்டையில்லை. மூத்த பேராசிரியரின் முக்கால் மணி நேர உரைக்காக யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் டுசெல்டார்ஃபில் லென்ஸிடம் ரகசியமாக மருந்தின் பெயரைக் கேட்ட மருத்துவர், நூறு பேர் பார்க்கும் சாட் பெட்டியில் அதைத் தட்டச்சு செய்திருப்பாரா? தன் குழந்தையைப் பற்றிய பேச்சு அது. பெயரிடப்படாத குறைபாடுகளை விவாதிக்கும் அமர்வில் குழந்தைகளின் முகம் திரையில் வரும். பெற்றோர் ஒப்புதல் கொடுத்தது மூடிய அரங்கில் மருத்துவர்களுக்குக் காட்ட. பதிவாகும் இணையக் கூட்டத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், மேலூர்க் குழந்தையின் முகம் எங்கெங்கோ சுற்ற. இதனால் பொறுப்புள்ளவர்கள் இணையத்தில் அந்த அமர்வைச் சுருக்கிக்கொள்கிறார்கள்; எது மிக முக்கியமோ அது போய்விடுகிறது. நேர வித்தியாசம் வேறு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் பிற்பகல் இரண்டு மணி என்றால் மதுரையில் இரவு பதினொன்றரை. பகலெல்லாம் ஆய்வகத்தில் நின்ற மாணவர் விடுதிக் கட்டிலில் இயர்போனோடு தூங்கிப் போவதை மாநாட்டில் கலந்துகொண்டார் என்று கணக்கெழுத முடியாது.

தூரமும் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. வளரும் நாடுகளுக்கான பன்னாட்டுப் பிறவிக் குறைபாட்டு மாநாடு 2009-இல் டெல்லியில் நடந்தது. 2020 பிப்ரவரியில் கொழும்பில் நடந்தது. நேர்க்கோட்டில் அளந்தால் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். டெல்லிக்கு ரயிலில் போனால் இரண்டு இரவு கழியும். வெளிநாடு என்ற சொல்லைக் கேட்டதும் கோப்பு மேசையை விட்டு நகர மறுப்பதற்குப் பூகோளம் காரணமில்லை.

ஆபரேஷன் கணக்கு கேட்பவர் மனத்தைத் தொடும். பணம் ஒரே பையிலிருந்து வருவதுபோல அது பேசுகிறது என்பது முதல் கோளாறு. குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு மாநிலக் காப்பீட்டுத் திட்டமும், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமும் வேறு தலைப்புகளில் செலவழிக்கின்றன. அதைவிடப் பெரிய கோளாறு, எது எதை விளைவிக்கிறது என்பதில். கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், முன்பு நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள குழந்தை பெற்ற தாய்க்கு மறுபடி அது வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் நிரூபித்தது ஏழு நாடுகளில் 33 மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு. அபூர்வமான குறைபாட்டுக்கு ஒரே ஊரில் போதுமான தாய்மார்கள் கிடைக்க மாட்டார்கள் என்பதால்தான் அத்தனை மையங்கள். அந்தக் குறைபாட்டால் முதுகில் கட்டியோடு பிறந்த குழந்தைக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் கால் முழுதாக வருவது அரிது. மாத்திரை சில்லறைக் காசு. ஆபரேஷன் தியேட்டரின் வரிசையைக் குறைக்கும் வேலை மாநாட்டு அறையில்தான் ஆரம்பிக்கிறது. பிறவிக் குறைபாடுகளைப் பதிவு செய்ய 2001-இல் சென்னையில் டாக்டர் எஸ். சுரேஷின் கருநல ஆய்வு அறக்கட்டளை தொடங்கிய இந்தியப் பதிவேடும் மருத்துவமனைகள் தாமாக முன்வந்து தகவல் கொடுப்பதை நம்பித்தான் நிற்கிறது. எதை, எப்படி, எந்தச் சொல்லால் பதிய வேண்டும் என்று பிரசவ வார்டின் இளைய மருத்துவர் எங்கேயாவது கற்றாக வேண்டும்.

உதவித் திட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, விண்ணப்பித்தால் கிடைக்காதா என்பது மிதமான குரலில் வரும் எதிர்ப்பு. இருக்கின்றன. ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை போன்றவை பயண உதவி கொடுத்துவந்திருக்கின்றன. 2024-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்ச் சேர்ந்த செர்ப் எனப்பட்ட அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிச் சலுகையே வைத்திருந்தது. சிக்கல் இருப்பது பணம் வரும் வழியில். முதலில் செலவு செய், போய் வா, போர்டிங் பாஸையும் பில்லையும் ஒட்டிக் கொடு, பிறகு தருகிறோம் என்பதே பொது நடைமுறை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வருவதில்லை. மூன்று, நான்கு மாதம் சேர்ந்து ஒருநாள் வரும். உதவித்தொகையே இல்லாமல் பிஎச்.டி. செய்பவர்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏராளம். மாநாட்டுக் கட்டணத்தை டாலரில் கட்டக் கிரெடிட் கார்டு வேண்டும். மாணவரிடம் இருப்பது ஏ.டி.எம். கார்டு. அமெரிக்க விசாவுக்கு 2023-இல் 185 டாலர். நேர்காணலுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் வர வேண்டும். பெண் பிள்ளை என்றால் அப்பாவும் லீவு போட்டுக்கொண்டு கூட வருவார். விமான டிக்கெட்டுக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. பணம் திரும்பி வரும்போது வட்டி யார் தலையில் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அடகு வைக்க வளையல் இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் மாநாட்டுக்குப் போக முடியும் என்றால் அதைத் தகுதித் தேர்வு என்று சொல்லக்கூடாது.

ஆக, திட்டம் இருக்கிறது என்பது பதிலாகாது. தொகையின் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுத்து, கட்டணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்தினால் பாதித் தடை விலகும். பி.ஜி. மாணவர்களும் ஆய்வு மாணவர்களைப் போல விண்ணப்பிக்க வழி வேண்டும். இப்போது மருத்துவர் ஒரு பக்கம், விஞ்ஞானி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பதால் முதலில் பார்த்தவர்தான் வெளியே நிற்கிறார். கைக்குழந்தையோடு இருக்கும் பெண் ஆய்வாளருக்குத் துணைக்கு வருபவரின் செலவையும் சேர்ப்பது ஆடம்பரம் போலத் தோன்றலாம்; தாய்மையைச் சுற்றியே அமைந்த ஒரு துறை தாயானவர்களை மாநாட்டிலிருந்து விலக்கிவைப்பது அதைவிட விசித்திரம்.

கடைசி அஸ்திரம், அனுப்பினால் திரும்ப மாட்டார்கள் என்பது. ஒரு வார மாநாட்டுக்குப் போய் யாரும் குடியேறிவிடுவதில்லை. நாடு விட்டுப் போகிறவர் பெரும்பாலும் போஸ்ட்டாக் வேலைக்குப் போகிறவர், அவர் மாநாட்டு உதவி இல்லாமலே போய்விடுவார். தொடர்பு அறுந்து போவதே உண்மையான இழப்பு. ஜெர்மனியின் அலாய்ஸ் பாய்ரன், பால்டிமோரில் ஹெலன் டாசிக்கிடம் குழந்தை இதய மருத்துவம் பயின்று கோட்டிங்கனுக்குத் திரும்பியவர். 1962 ஜனவரியில் மறுபடி அமெரிக்கா போனபோது, தம் பழைய ஆசிரியரிடம் கைகால் வளராத குழந்தைகளைப் பற்றியும் கான்டெர்கன் பற்றியும் சொன்னார். டாசிக் அடுத்த மாதமே ஜெர்மனிக்குப் புறப்பட்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் பார்த்துவிட்டு வந்து, மருத்துவர் கூட்டங்களிலும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பும் பேசினார். புதிய மருந்து விற்பனைக்கு வருமுன் அது பலன் தரும் என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் கையெழுத்தானது.